சீட்டு இருந்தால் வீரன், இல்லாவிட்டால் கொள்ளையன்

1800 அக்டோபர் 7 அன்று வங்காள விரிகுடாவில், ராபர்ட் சுர்கூஃப் என்ற பிரெஞ்சுக்காரரின் ‘கான்ஃபியான்ஸ்’, தன்னைவிட மிகப் பெரிய ‘கென்ட்’ என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலை வளைத்துப் பிடித்தது. பல பத்தாண்டுகள் கழித்து அதை ஓவியமாக்கியவர் லூயி கார்னெரே. அன்று சுர்கூஃபின் கப்பலிலேயே இருந்தவர் அவர். உயர்ந்து நிற்கும் கென்ட்டின் விலாவை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் சிறு கப்பல், பீரங்கிப் புகை, மேலே தொற்றி ஏறும் மாலுமிகள்: பார்ப்பவர் மனம் தானாகவே சிறியவன் பக்கம் சாய்கிறது. ஓவியத்தின் திறமையும் அதுதான், தந்திரமும் அதுதான். அடுத்தவன் கப்பலைப் பறிக்க அந்தச் சிறியவனுக்கு யார் உரிமை கொடுத்தது என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

உரிமை கொடுத்தது ஒரு காகிதம். எதிரி நாட்டு வணிகக் கப்பலைப் பிடிக்கலாம் என்று அரசு தரும் அனுமதிப் பத்திரம். அதன் மகிமையைச் சுர்கூஃபின் வாழ்க்கையே காட்டுகிறது. 1796 ஜனவரியில் அவர் ஹூக்ளி முகத்துவாரத்து வழிகாட்டிக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றி, அதிலேயே நெருங்கிப் போய், இருபது பேர் அளவில் வைத்துக்கொண்டு ‘டிரைட்டன்’ என்ற கம்பெனிக் கப்பலைப் பிடித்தார். மொரீஷியஸ் ஆளுநர் அப்போது அவருக்குப் பத்திரம் தர மறுத்திருந்தார். எனவே பிடித்த கப்பல்களை அரசே எடுத்துக்கொண்டது. பாரீஸுக்குப் போய் முறையிட்ட பிறகே அவருக்கு இழப்பீடு கிடைத்தது. துணிச்சலில் குறைவில்லை, குறைந்தது காகிதம் மட்டுமே.

அந்தக் காகிதம் வெறும் சடங்கல்ல, அதுதான் ஒழுங்கு என்பார்கள். நீதிமன்றம் விசாரித்துத்தான் பிடித்த கப்பலைப் பங்கிட்டது, பிடிபட்டவர்களை நடத்தவும் விதிகள் இருந்தன. நியாயமான வாதம். ஆனால் அந்த அளவுகோலை இந்தியாவின் மேற்குக் கரைக்கும் கொண்டுபோக வேண்டாமா? கானோஜி ஆங்கரே மராத்திய அரசின் கடற்படைத் தலைவர். 1713-ல் சாகு மகாராஜாவின் அரசு அந்தப் பதவியை உறுதிசெய்தது. தன் கடலில் போகும் கப்பல்கள் தன்னிடம் சீட்டு வாங்க வேண்டும் என்றார். போர்ச்சுக்கீசியர் அதற்கு முன் இருநூறு ஆண்டுகளாகச் செய்து வந்ததும் இதுதான். ஆங்கிலேயர் ஏட்டில் அவர் கடற்கொள்ளையர். 1756-ல் அவர் மகன் துளாஜி ஆங்கரேயின் விஜயதுர்க்கக் கோட்டையை ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி வாட்சனும் கம்பெனிப் படையின் கிளைவும் பிடித்ததை ஓவியர் டொமினிக் செர் வெற்றி ஓவியமாக வரைந்தார். கோட்டைக்குப் புறப்படும் முன்பே, கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதிகாரிகள் பம்பாயிலேயே பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பேரம் எந்த ஓவியத்திலும் இல்லை.

கலையிடம் கணக்குக் கேட்பதா என்பது இன்னொரு மறுப்பு. கார்னெரேயிடம் கேட்க வேண்டியதில்லை; பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் அறிந்த கை அவருடையது. கேட்க வேண்டியது, அந்த ஓவியங்களை வரலாற்றுச் சான்றாக அச்சிடும் நம்மிடம்தான். கடல் எங்கே, சேர்வராயன் மலை எங்கே என்று ஏற்காட்டின் ஒண்டிக்கடையில் நிற்பவர் நினைக்கலாம். 1810-ல் மொரீஷியஸ் ஆங்கிலேயர் வசமாகி, பிரெஞ்சுக் கப்பல் வேட்டைக்குத் தளமே இல்லாமல் போன பிறகு, 1820-களில்தான் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இந்த மலையில் காபி நட்டார். கடல்வழி யார் கையில் என்பது மலைத் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லாததல்ல.

1856 பாரீஸ் பிரகடனத்தில் ஐரோப்பிய வல்லரசுகளே இந்தப் பத்திர முறையைக் கைவிட்டன. ஆகவே, பாடநூலில் இத்தகைய படம் வரும்போது கப்பலின் பெயரோடும் தேதியோடும் நிறுத்தாமல், யாருடைய அனுமதியில் நடந்தது, கிடைத்ததை யார் பங்கிட்டார்கள் என்று அடியில் இரண்டு வரி சேர்க்கலாம். ஆங்கரேக்கும் சுர்கூஃபுக்கும் அதே இரண்டு வரி.