வராத தோழன் எங்கே?



இராமநாதபுரம் கடற்கரையோரச் சிற்றூர் எங்களூர். சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். இளைஞர் சிலர் வந்து ஸலாம் உரைத்தனர். அவர்களுடைய தோழன் ஒருவனுக்கு இருபது வயது நிறைகிறதாம். அந்நாளில் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தி, எல்லோருமாக மதுரைக்குச் சென்று, ஊரைச் சுற்றிப் பார்த்து, இரவே திரும்பிவிட எண்ணியிருக்கிறார்களாம். "ஹஜரத்! இது கூடுமா, கூடாதா?" என்று வினவினர்.

"மதுரை உங்களுக்குப் புதிய ஊரா?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கும் கல்யாண ஜவுளிக்கும் போயிருக்கிறோம் ஹஜரத். ஊரைப் பார்த்ததில்லை" என்றான் ஒருவன்.

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுகிறது. ஆகவே, அவர்களிடம் நான் கூறியதையும், கூறத் தாமதித்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நான் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் எங்களில் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதி வைத்த தேதிதான் எங்கள் தேதி. எனினும், பிறந்த நாளை நினைப்பதே குற்றம் என்று நான் கூறமாட்டேன். திங்கட்கிழமை நோன்பு பற்றி வினவப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பெருமானார் அந்நாளை நோன்பால், நன்றியால் நினைவு கூர்ந்தார்கள். நம் பிள்ளைகளோ மெழுகுவத்தியை ஊதி அணைக்கிறார்கள். உண்ண வேண்டிய கேக்கைத் தோழனின் முகத்தில் பூசிச் சிரிக்கிறார்கள். உணவை இப்படிப் பாழாக்குவது எந்த வகையில் மகிழ்ச்சியாகும்? வீண்விரயத்தைத் திருமறை வன்மையாகக் கண்டித்திருப்பதை அறியாதவர்களா நாம்? அதனுடன் ஒப்பிட்டால், தோழனுக்காக ஒரு பகலை ஒதுக்கிப் புதிய ஊரைக் காணச் செல்வது எவ்வளவோ மேலானது.

பூமியில் பயணம் செய்து படைப்பின் அற்புதத்தையும் முன்னோரின் முடிவையும் காணுமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. 1325ஆம் ஆண்டு, இருபத்தொரு வயது இளைஞரான இப்னு பதூதா, துணை எவருமின்றி மொராக்கோவின் தஞ்சா நகரிலிருந்து புறப்பட்டார். அப்பெரும் பயணத்தின் இடையே, சுல்தான்கள் ஆண்ட மதுரைக்கும் அவர் வந்தார். அப்போது நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவரும் காய்ச்சலில் விழுந்தார். புளியைக் கரைத்துக் குடித்து, அல்லாஹ்வின் அருளால் நலம் பெற்றதாக அவர் தம் பயண வரலாற்றில் பதிந்திருக்கிறார். நம் வீட்டுச் சமையலறைப் புளி ஒரு மொராக்கோ அறிஞருக்கு மருந்தான ஊர் அது என்று நான் கூறியபோது இளைஞர்கள் வியந்தனர்.

பயண ஒழுக்கங்களையும் எடுத்துரைத்தேன். மூவர் பயணம் சென்றாலும் ஒருவரைத் தலைவராக அமைத்துக்கொள்வது நபிவழி. மதுரை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் ஷாபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழலாம். ஹனபி மத்ஹபினர் சுருக்கி, அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். காஜிமார் பெரிய பள்ளிவாசலில் ஊர் இமாமைப் பின்பற்றினால் இரு சாராரும் முழுமையாகவே தொழ வேண்டும். காரியம் முடிந்ததும் தாமதியாது வீடு திரும்ப வேண்டும். உம்மாமார் வாசலைப் பார்த்தபடி விழித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் கூறி முடித்த பிறகுதான், "எத்தனை பேர் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "ஒன்பது பேர்" என்றனர். நான் அறிய அவர்கள் பத்துப் பேர். பத்தாமவனுக்குக் காய்ச்சலாம். சற்று முன்தான் அஸரில் அவன் முதல் ஸஃப்பில் நின்று தொழுததை நான் கண்டிருந்தேன். அவனுடைய வாப்பா கூலிக்கு வலை பின்னுபவர். பயணத்திற்குத் தலைக்கு ரூ.1,200 என்று கணக்கிட்டிருந்தார்கள்.

வாசகர்களே! அப்பொழுதுதான் என் தவறு எனக்கு விளங்கிற்று. கூடுமா, கூடாதா என்பதற்கு இவ்வளவு நேரம் விடை கூறிய நான், யார் வரவில்லை என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டாமா? செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தே உணவுகளில் மிகக் கெட்டது என்ற கருத்துடைய நபிமொழியை எத்தனை நிக்காஹ் மேடைகளில் நான் விளக்கியிருக்கிறேன்! அது வலீமாவுக்கு மட்டுமா பொருந்தும்?

அவர்கள் காணவிருந்த மதுரையிலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1921 செப்டம்பரில் மௌலானா முஹம்மது அலீ அவர்களுடன் தென்னகம் நோக்கி வந்துகொண்டிருந்தார் காந்தியடிகள். வழியில் வால்டேரில் மௌலானா கைது செய்யப்பட்டார். காந்தியடிகள் பயணத்தைத் தொடர்ந்தார். ரயில் பெட்டியில் உடன் வந்தோரிடம் கதர் உடுத்துமாறு வேண்டியபோது, அதை வாங்கத் தங்களுக்கு வசதியில்லை என்று அவர்கள் கூறினர். செப்டம்பர் 22ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில் அவர் வழக்கமான உடையைத் துறந்து, இடையில் ஒரு துண்டை மட்டும் அணிந்தார். இல்லாதவனைக் கடன்பட்டேனும் வாங்கு என்று அவர் கூறவில்லை, தம்முடையதைக் குறைத்துக்கொண்டார்.

இதைத்தான் இளைஞர்களிடம் கூறினேன். "அவனுக்காக வசூல் செய்யாதீர்கள், அது அவனை நாணச் செய்யும். உங்கள் செலவைக் குறையுங்கள், அவன் தானாக வருவான்" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒன்றும் கூறாது எழுந்து சென்றனர்.

பிறந்த நாளன்று ஸுப்ஹு தொழுகைக்குப் பின் பார்த்தேன். வேன் வரவில்லை. அரசுப் பேருந்துக்காகப் பத்துப் பேரும் நின்றுகொண்டிருந்தனர். பிறந்த நாளுக்குரியவனின் உம்மா ஆக்கித் தந்த நெய்ச்சோற்றுத் தூக்கு, காய்ச்சல் என்று கூறப்பட்டவன் கையில் இருந்தது.

பெற்றோர்களே! உங்கள் மகன் இத்தகைய பயணத்துக்கு அனுமதி கேட்டு வந்தால், எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேளுங்கள். அத்துடன் உங்கள் தோழர்களில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவன் தலை குனிந்தால், அப்பயணத்தைச் சற்று மாற்றியமைக்க உதவுங்கள்.

ஒருவருக்கொருவர் மனம் நோகாது வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.