வரம்புக்குள் என்ற பதில்

சுரங்கமோ அனல்மின் நிலையமோ, கழிவுநீரைப் பற்றி ஊரார் கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: சுத்திகரித்துத்தான் விடுகிறோம், அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றன. குழாயில் சென்சார் பொருத்தி, எண்கள் நேராக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கே போகும்போது இன்னும் என்ன சந்தேகம் என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். அந்த வரம்பு எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்த்தால் இந்த நிம்மதி நிலைக்காது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். குழிக்குள் சேரும் மழைநீரையும் வெளியேற்றியாக வேண்டும். சுரங்க நீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் கடலூர் மாவட்டத்து வயல்களில் பாய்கிறது. நிலக்கரிச் சுரங்கக் கழிவுநீருக்கு 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் முதன்மையான அளவுகள் இவை: அமில காரத் தன்மை 5.5 முதல் 9 வரை, கலங்கி நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், எண்ணெய் 10, நைட்ரேட் நைட்ரஜன் 10. எல்லாமே லிட்டர்க் கணக்கு. மொத்தம் எத்தனை லிட்டர் என்ற கேள்வி இந்த அளவுகளில் எழுவதே இல்லை. நாளைக்கு 10 கோடி லிட்டர் விடும் குழாய் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்; வரம்பை ஒருநாளும் மீறாமல் தினம் 10 டன் வண்டலை அது ஏரிக்குள் இறக்கிவிட முடியும். வாலாஜா ஏரி தூர்ந்துபோய்ப் பின்னர் தூர்வார வேண்டியிருந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாதரசத்தின் கதை இன்னும் மோசம். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொதுத் தரம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் பாதரசத்தை அனுமதிக்கிறது. குடிநீர்த் தரத்தில் அது 0.001. ஆக, சட்டப்படி குற்றமற்ற நீரே குடிநீர் வரம்பைப் போல் பத்து மடங்கு பாதரசத்தைச் சுமந்து வரலாம். குழாயில் ஓயாமல் ஓடும் சென்சார்கள் வழக்கமாகக் காட்டுவது அமில காரத் தன்மை, கலங்கல், ஓட்டத்தின் அளவு போன்றவற்றை. பாதரசத்துக்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நெய்வேலிச் சுற்றுவட்டார நீரில் பாதரசம் மிகுந்திருப்பதாக 2023-இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் ஆய்வறிக்கை வெளியிட்டபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்தப் பாதரசம் அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்து வந்தது, சுரங்கத்துக்குத் தொடர்பில்லை என்று வாதிடலாம். இருக்கட்டும். ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே அளந்திருந்தால் அந்த வாதம் ஒரே நாளில் முடிந்திருக்குமே!

சுத்திகரிப்பு என்றாலே தீங்கில்லை என்று நம்புகிறவர்கள் கனடாவின் எல்க் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். அங்கே நிலக்கரி எடுத்த டெக் நிறுவனம் செலீனியத்தை நீக்கவென்றே ஓர் ஆலை கட்டியது. 2014-இல் அந்த ஆலையிலிருந்து வந்த நீரிலேயே மீன்கள் செத்தன. 2017-இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. பிற்பாடு இன்னொன்றும் தெரிந்தது. செலீனியத்தின் மொத்த அளவு குறைந்திருந்தது. மிச்சமிருந்ததோ உயிரினங்களின் உடலில் எளிதாக ஏறக்கூடிய வடிவத்துக்கு மாறியிருந்தது. ஆற்றுப் பூச்சிகளையும் மீன்களையும் ஆராயாமல் குழாய் வாயிலுள்ள எண்ணை மட்டும் பார்த்திருந்தால் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். செலீனிய மாசுக்காக 2021-இல் அதே நிறுவனம் கட்டிய தொகை 6 கோடி கனடிய டாலர்.

சென்சாரே வேண்டாமா என்று கேட்பார்கள். எப்போதோ ஒருமுறை அதிகாரி வந்து பாட்டிலில் நீர் பிடித்துப்போன காலத்தைவிட இது மேல்தான், மறுக்கவில்லை. செலவு ஆகுமே என்பது அடுத்த ஆட்சேபம். 24 மணி நேரமும் சிறிது சிறிதாகச் சேகரித்த மாதிரியில் மாதம் ஒருமுறை உலோகங்களைப் பார்ப்பது, நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று மொத்தச் சுமைக்கு உச்சவரம்பு வைப்பது, பெருமாள் ஏரியின் அடிச்சேற்றையும் மீனையும் ஆண்டுதோறும் சோதிப்பது: ராட்சத எந்திரங்களை ஓயாமல் ஓட்டும் ஒரு நிறுவனத்துக்கு இவையெல்லாம் கைச்செலவு. ஒன்று மட்டும் பணத்தால் ஆகாது. மாதிரி எடுக்கும் கை, நீரை விடுகிறவரிடம் சம்பளம் வாங்கும் கையாக இருக்கக் கூடாது. எண்களும் வாரியத்தின் கணினியோடு நிற்காமல் தமிழில், அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும்.