ஜோகுபாளையத்து மெக்கானிக்கும் பூட்டிய மென்பொருளும்

கார் பழுதானால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதா, தெரு மெக்கானிக்கிடம் போவதா என்னும் கேள்வியைப் படித்தவர்கள் நம்பிக்கை சார்ந்த ஒன்றாகவே பேசுகின்றனர். கண்ணாடிச் சுவரும் அச்சடித்த பில்லும் நம்பிக்கைக்குரியன. அல்சூர் ஏரியை அடுத்த ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில், எண்ணெய் படிந்த கையோடு பானெட்டுக்குள் குனிந்து நிற்பவர் ஐயத்துக்குரியவர். இதில் தொழில்நுட்ப அறிவைவிட வர்க்க மனோபாவமே மிகுதி.

அந்த மெக்கானிக்கால் இயலாத வேலைகள் உண்டு என்பது மெய்தான். ஏன் இயலவில்லை என்பதைத்தான் எவரும் கேட்பதில்லை. எஞ்சினின் பொதுவான பிழைக் குறியீடுகளைச் சாதாரண ஸ்கேனரே படித்துவிடும். புதிய சாவியைப் பதிவுசெய்யவோ, மாற்றிய மின்னணுப் பாகத்தை வண்டியோடு இணைக்கவோ பெரும்பாலும் நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். அது அவருக்குக் கிடைப்பதில்லை. கருவியைப் பூட்டி வைத்துவிட்டுத் திறமை இல்லை என்பது என்ன நியாயம்?

இது வெறும் குமுறலன்று. ஒரு நுகர்வோர் 2011-இல் அளித்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி தடுத்தார்கள் என்பதே குற்றம். தடுத்ததன் பயனை உதிரிபாக விலையில் காணலாம்: சிலவற்றின் விலை அடக்கத்தைப் போல் பன்மடங்கு. வெளியில் பழுதுபார்த்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்னும் ஒட்டுமொத்த நிபந்தனையும் கூடாது என்றது ஆணையம். வெளிவேலையின் கோளாறால் விளைந்த சேதத்தின் அளவுக்கே வாரண்டியை மறுக்கலாம்.

நிறுவனங்கள் வழக்காடின. ஹூண்டாயின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2015-இலும், மேல்முறையீட்டை அமர்வு 2018-இலும் தள்ளுபடி செய்தனர். டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் முறையீட்டில் 2016-இல் தீர்ப்பாயம் அபராதக் கணக்கைக் குறைத்ததே தவிர, குற்ற முடிவை மாற்றவில்லை. (பொருளியல் வகுப்புகளில் ஏகபோகத்துக்கு எடுத்துக்காட்டு தேடுவோர் ரயில்வேயைத் தாண்டி இதையும் பார்க்கலாம்.)

புதிய வண்டியின் வாரண்டி வேலை, திரும்பப் பெறும் அறிவிப்பு, ஏர்பேக் ஆகியவற்றுக்கு டீலரிடம் போவதே சரி. ஆனால் பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு வாடிக்கையாளர் எதற்காக அங்கே போக வேண்டும்? ஜே.சி. ரோட்டில் பாகத்தை வாங்கி, கழற்றிய பழையதை உரிமையாளர் கையில் கொடுத்து, என்ன தேய்ந்திருக்கிறது என்று காட்டுகிற பட்டறைக்காரரே அங்கு வெளிப்படையானவர். சர்வீஸ் சென்டரிலோ, வண்டியைத் தொட்டவர் எவர் என்பதே உரிமையாளருக்குத் தெரிவதில்லை.

நடுவண் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளம் திறந்தது. தளம் தகவல் தரும். பூட்டிய மென்பொருளைத் திறக்கச் சட்டம் வேண்டும். அதுவரை, "வெளியில் கொடுத்தால் வாரண்டி போய்விடும்" என்று சர்வீஸ் அட்வைசர் சொல்லும்போது, எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேட்பதற்கு எவருக்கும் செலவில்லை.