இது மெய்யா, செட்டா?



ஸ்பெயின் நாட்டில் சந்தியாகு கொம்போஸ்தெலா என்றொரு பழம்பெரும் நகரம் உண்டு. நம் சந்தியாகப்பரின் கல்லறை அங்கே உள்ளதென்பது மரபு. அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறைமேல் எழுந்த பேராலயங்கள் மூன்று என்பர்: உரோமையில் இராயப்பருக்கு, கொம்போஸ்தெலாவில் சந்தியாகப்பருக்கு, நம் மயிலாப்பூரில் தோமையாருக்கு. முதலிரண்டையும் காணக் கடல் கடக்க வேண்டும். மூன்றாவதைக் காணக் கோடம்பாக்கத்தார்க்குப் பேருந்துச் சீட்டொன்று போதும். ஆயினும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கின்றனர்?

இவ்வெண்ணத்தோடு, சென்ற மாதம் நம் பகுதிப் பள்ளி மாணவர் சிலரின் ஒருநாள் சுற்றுலாவில் நானும் உடன் சென்றேன். காலையில் மின்சார இரயிலேறிப் பரங்கிமலை சேர்ந்தோம். 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயத்தையும், 1547-இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையையும் பார்த்தோம். பின்னர் சின்னமலை, பிற்பகலில் சாந்தோம்.

"இங்கே மதில் சூழ்ந்த போர்த்துக்கீசிய நகரம் இருந்தது. 1545-இல் புனித சவேரியார் சில மாதங்கள் தங்கி, கல்லறையருகே செபித்தார்" என்று விளக்கினேன்.

"மதில் எங்கே, ஃபாதர்?" என்றான் ஒரு சிறுவன்.

"போர்களில் அழிந்தது."

"இந்தக் கோவில்?"

"பழையதை இடித்துவிட்டு 1896-இல் கட்டி முடித்தது."

"அப்படியானால் இதுவும் செட்டுதானா, ஃபாதர்?"

அவன் தந்தை படப்பிடிப்பு நிலையங்களில் அரண்மனை அமைக்கும் தச்சர். அவன் கேட்டதில் குறும்பில்லை. நானோ, "கோவிலில் பேசும் பேச்சா இது?" என்று அதட்டிவிட்டேன். அதன்பின் அன்று முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யாருடைய கல்லறையில் நின்று அவனை அடக்கினேன்? காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றவரின் கல்லறையில் அல்லவா! ஆண்டவர் அவரை ஒதுக்கிவிடவில்லை. எட்டாம் நாள் வந்து தம் காயங்களைக் காட்டினார்.

ஞாயிறு பூசைக்குப்பின் சிறுவனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். எதையும் மறைக்காமல் உரைத்தேன். கட்டடம் புதியதே. புனிதரின் எலும்புகளும் முற்காலத்தில் எதேசா நகருக்கும், 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் சென்றன என்பது மரபு.

பின்பு, "தம்பி, செட்டை ஏன் பிரிக்கிறார்கள்?" என்றேன்.

"படம் முடிந்துவிடும், ஃபாதர்."

"இங்கே மதில் வீழ்ந்தது, ஆட்சிகள் மாறின, கோவிலும் பிரிக்கப்பட்டது. ஆனாலும் மக்கள் அதே இடத்தில் மீண்டும் கட்டினர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் இக்கல்லறைக்கு வரும் திருப்பயணிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த விசுவாசம் செட்டன்று. அதன் வேலை இன்னும் முடியவில்லை."

அவன் சற்றே யோசித்து, "அப்பாவையும் அழைத்துப் போய்க் காட்டுகிறேன்" என்றான்.

பெற்றோரே, செபமாலை முடிந்து உணவுக்கு அமரும் வேளையில் உங்கள் பிள்ளை இத்தகைய வினாவை எழுப்பினால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிடில், "விசாரித்துச் சொல்கிறேன்" என்பதில் இழிவில்லை. அதட்டி அடக்கிய வினா மறைவதில்லை. ஒருநாள் பிள்ளையையே கோவிலைவிட்டு அழைத்துப் போய்விடும். ஜூலை 3 தோமையார் திருநாள். குடும்பமாய்ச் சாந்தோம் சென்று வாருங்கள், பிள்ளைகள் கேட்கட்டும்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.