மேடை பயமா, மனப்பாட பயமா?

மேடை பயம் போக நம்ம ஆளுங்க சொல்ற வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். கண்ணாடி முன்னாடி நின்னு பேசு. மூச்சை நல்லா இழுத்து விடு. எதிரே இருக்கறவங்களை எல்லாம் முட்டைக்கோஸ்னு நினைச்சுக்கோ. சரிங்க, முட்டைக்கோஸ்கிட்ட எதுக்குப் பேசணும்?

நமக்கு இருக்கறது மேடை பயமே இல்லை, வரி மறந்துடுமோங்கற பயம். இதுதான் என் கட்சி. ஸ்கூல்ல யாரோ எழுதிக் கொடுத்த பேச்சை, 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' தொடங்கி 'வாய்ப்புக்கு நன்றி' வரைக்கும் பிசகாம ஒப்பிச்சா பரிசு. நடுவுல ஒரு வரி போச்சுன்னா முழி பிதுங்கும். காலேஜ்ல இதுக்குப் பேரு செமினார். பிரேக் ஈவன் பாயிண்ட் பத்தி புத்தகத்து இங்கிலீஷை ஒப்பிக்கும்போது கை நடுங்கற அதே பையன், ஒரு நாளைக்கு எத்தனை டீ வித்தா டீக்கடை வாடகை தேறும்னு பத்து பேர் நடுவுல பொளந்து கட்டுவான். அதுவும் பிரேக் ஈவன்தானே!

காந்தியைப் பாருங்க. 1891-ல லண்டனை விட்டுக் கிளம்பறப்போ நண்பர்களுக்கு விருந்து வச்சார். யோசிச்சு தயார் பண்ணி வச்சிருந்ததே சில வாக்கியம்தான். முதல் வாக்கியத்தோட நின்னு போச்சு. அப்புறம் பம்பாய் கோர்ட்டுல முதல் கேஸ். எழுந்து நின்னார், தலை சுத்திச்சு, வாங்கின 30 ரூபா ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டார். அதே ஆள் 1893-ல பிரிட்டோரியாவுல இந்திய வியாபாரிங்க கூட்டத்துல பேசினார். வயசு 23. வியாபாரத்துல உண்மையா இருக்க முடியாதுன்னு சொல்றவங்க மத்தியிலேயே நின்னு, முடியும்னு வாதாடினார். அதுதான் தன்னோட முதல் மேடைப் பேச்சுன்னு 'சத்திய சோதனை'யில சொல்றார். கூச்சம் முழுசா போகவே இல்லைன்னும் அவரே எழுதியிருக்கார். பயம் கூடவே இருந்துச்சு, ஆனா சொல்லியே ஆகணும்னு ஒரு விஷயமும் இருந்துச்சு. அவ்ளோதான் வித்தியாசம்.

அப்போ தயாரிப்பே வேணாமான்னு கேப்பீங்க. கண்டிப்பா வேணும். பிரிட்டோரியாவுக்கு அவரும் தயாராத்தான் போனார். விஷயத்தைத் தயார் பண்ணுங்க, வரியை இல்லை.

ஆசிரியர்களுக்கும் ஒண்ணு. ஒரு துண்டுச் சீட்டுல நாலு குறிப்பு வச்சுக்க விடுங்க. தமிழ்ல விளக்கினா மார்க்கைக் குறைக்காதீங்க. முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ஒப்பிச்சவன் யாரு, புரிஞ்சு பேசினவன் யாருன்னு அதுல தெரிஞ்சிடும். இதைச் செய்யாம 'தன்னம்பிக்கைப் பயிற்சி முகாம்' நடத்தினா பணம்தான் தண்டம்.