நாளைய போருக்கு எதைத் தயார் செய்கிறோம்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் ஊர் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் தொடக்கத்தில் மன்னன் வென்ற போர்கள் பெருமையோடு பேசப்படுகின்றன. சாளுக்கியரோடு கூடல்சங்கமத்தில் நடந்த போரும் அவற்றில் ஒன்று.

அதே கல்வெட்டு வேறொரு கணக்கையும் சொல்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை. அதற்கு ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளரைப் பேணப் பெண்கள், இவர்களுக்கு அளிக்க வேண்டிய நெல் என்று விவரம் நீள்கிறது. அது போர்வீரருக்காகக் கட்டப்பட்டதல்ல. கல்விச்சாலை மாணவருக்கும் கோயில் பணியாளருக்கும் உரியது. ஆயினும் வெற்றியின் கணக்கும் நோயாளியின் படுக்கைக் கணக்கும் ஒரே சுவரில் பதிந்திருப்பது நம்மைச் சிந்திக்க அழைக்கிறது. இன்று நம் நாடு நாளைய போருக்காக எழுதும் கணக்கில் இரண்டும் இருக்கின்றனவா?

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, பெரும் படைகள் நீண்ட காலம் மோதும் போர் இனி வராது என்றிருந்த எண்ணம் உடைந்தது. விலை குறைந்த ட்ரோன்கள் பல கோடி ரூபாய் பெறும் டாங்கிகளை அழிப்பதை உலகம் பார்த்தது. நம் நாடும் வேகமாகத் தயாராகிறது. முப்படைகளையும் ஒருங்கிணைக்க 2020 ஜனவரியில் முப்படைத் தலைமைத் தளபதி பதவி உருவானது. 2025ஆம் ஆண்டைப் பாதுகாப்பு அமைச்சகம் சீர்திருத்த ஆண்டு என அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலையில் 'ருத்ரா' படையணிகள், 'பைரவ்' சிறப்புப் படைப்பிரிவுகள் பற்றிய அறிவிப்பைத் தரைப்படைத் தளபதி வெளியிட்டார். 2025-26 நிதியாண்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். நம் மாநிலத்திலும் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய நகரங்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 முதல் உருவாகி வருகிறது.

படையே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதை எவரும் மறக்க முடியாது. மக்களைக் காப்பது அரசின் கடமை என்பதைத் திருச்சபையும் ஏற்கிறது. நம் கேள்வி வேறு. வரப்போகும் போர் எப்படிப்பட்டது என்பதை நாம் உண்மையிலேயே அறிவோமா?

நமக்கு அடுத்த செங்கல்பட்டில் பிறந்தவர் தளபதி சுந்தர்ஜி. 1986 முதல் 1988 வரை தரைப்படைக்குத் தலைமை ஏற்றவர். நாளைய போர் டாங்கிகளும் கவச வண்டிகளும் விரைந்து பாயும் போர் என்று கணித்து, அதற்கேற்பப் படையை மாற்றியமைத்தவர். 1986-87இல் இராஜஸ்தான் பாலைவனத்தில் அவர் நடத்திய 'பிராஸ்டாக்ஸ்' போர்ப் பயிற்சி மிகப் பெரியது. அதைக் கண்டு அஞ்சிய பாகிஸ்தானும் தன் படைகளை எல்லைக்கு நகர்த்தியது. பயிற்சியே போராக மாறிவிடுமோ என்ற நிலை வந்தது. பேச்சுவார்த்தை நடந்தது, பாகிஸ்தான் அதிபர் சியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்க ஜெய்ப்பூர் வந்தார், பதற்றம் தணிந்தது.

ஆனால் அதே ஆண்டு அந்தப் படைக்கு வாய்த்த போர் பாலைவனத்தில் நடக்கவில்லை. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதி காக்கச் சென்ற நம் படை, அக்டோபரில் யாழ்ப்பாணத்தின் ஒடுங்கிய தெருக்களில் விடுதலைப் புலிகளோடு போரிட்டது. 1990 மார்ச்சில் திரும்பும்வரை சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். தமிழ் மக்கள் பட்ட துன்பமோ சொல்லி மாளாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் நோயாளர், மருத்துவர், தாதியர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. உள்ளிருந்து சுடப்பட்டதால் நேர்ந்த மோதல் என்பது படைத்தரப்பின் விளக்கம். எப்படியாயினும், படுக்கையில் கிடந்தவர்கள் படுக்கையிலேயே மாண்டார்கள்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? எந்தப் போருக்குத் தயாராகிறோமோ அந்தப் போரே வரும் என்ற உறுதி இல்லை. எதிர்பாராத போர் வரும்போது வீரரின் கையில் எஞ்சுவது அவருக்குள் பதிந்த ஒழுங்கும் மனச்சான்றும்தான். எனவே எந்தப் போருக்கும் பொருந்துகின்ற தயாரிப்பு மனிதரைப் பற்றிய தயாரிப்பே.

முதலாவது, காயப்பட்டவரையும் நிராயுதரையும் தொடக்கூடாது என்ற பயிற்சி. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களை ஏற்று, 1960இல் அதற்கெனச் சட்டமும் இயற்றிய நாடு நம்முடையது. குறிபார்த்துச் சுடக் கற்பிக்கும் அதே அக்கறையோடு, எப்போது சுடக்கூடாது என்பதையும் கற்பிக்க வேண்டும். இனி இயந்திரமே இலக்கைத் தேர்ந்துகொள்ளும் காலம் வருகிறது. மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரத்திடமும் விடக்கூடாது என்று 2024 ஜூனில் ஜி7 தலைவர்களிடம் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தியது இதனால்தான்.

இரண்டாவது, போரில் சிக்கும் பொதுமக்களின் பாதுகாப்பு. 2025 மே மாதம் பூஞ்ச் நகரில் துறவியர் நடத்தும் கிறிஸ்து பள்ளியின் மாணவர் இருவர் பாகிஸ்தானின் குண்டுவீச்சில் இறந்தனர். அப்பள்ளியின் நிலத்தடி மண்டபத்தில்தான் அக்கம்பக்கத்தார் அடைக்கலம் புகுந்தனர். ஏவுகணைக்குச் செலவிடும் நாடு எல்லை ஊர்களின் பதுங்குமிடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போதிய அளவு செலவிடுகிறதா?

மூன்றாவது, வீரரின் பிற்கால வாழ்வு. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே ஒருவர் சேரலாம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 25 பேர் வரை மட்டுமே நிலையான பணிக்கு எடுக்கப்படுவர். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு, ஓய்வூதியம் இன்றி வீடு திரும்புவர். முதல் அணியினரின் நான்காண்டு 2026 இறுதியிலிருந்து நிறைவுபெறுகிறது. நம் ஊர்களில் விடியுமுன் எழுந்து ஓடிப் பழகும் பிள்ளைகள் இவர்கள்தான். பலரின் வீட்டில் தறியும் ஓய்ந்திருக்கும், நிலமும் இருக்காது. துப்பாக்கி பிடித்த கையோடு இருபத்தோரு வயதில் திரும்பும் அந்தப் பிள்ளைக்கு நாடு வைத்திருக்கும் இடம் எது?

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் இயேசு ஓர் அரசரைப் பற்றிச் சொல்கிறார். இருபதாயிரம் பேரோடு வருபவரைப் பத்தாயிரம் பேரோடு எதிர்க்க முடியுமா என்று அவர் முதலில் உட்கார்ந்து சிந்திக்கிறார். முடியாதெனில், எதிரி தொலைவில் இருக்கும்போதே தூது அனுப்புகிறார். 1987இல் ராஜஸ்தான் எல்லையில் போர் மூளாமல் காத்ததும் அத்தகைய பேச்சுதான். பேச்சும் போர்த்தயாரிப்பின் ஒரு பகுதி, கோழைத்தனம் அல்ல.

நாம் என்ன செய்யலாம்? படையிலிருந்து திரும்பும் இளைஞரை நம் பங்குகள் தேடிச் சென்று, படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம் ஆயுதக் கணக்கோடு மருத்துவமனைக் கணக்கையும் கேட்கலாம். நம் மன்றாட்டில் நம் வீரரோடு எல்லையின் மறுபுறத்துத் தாய்மாரையும் நினைக்கலாம். திருமுக்கூடலின் சுவரில் வெற்றிகளோடு பதினைந்து படுக்கைகளும் பதிவாகியிருக்கின்றன. நம் காலத்துக் கணக்கிலும் அவை விடுபடாமல் பார்த்துக்கொள்வோம்.