நம்பர் சேராத த்ரீ நாட் த்ரீ

கனடாவில் இருக்கும் என் அண்ணன் மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் படங்கள் அனுப்பியிருந்தான். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு பழைய ராணுவத் துப்பாக்கிகளை வாங்கி வைப்பதும், கிளப்பில் போய்ச் சுடுவதும் அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. இவனையும் அது தொற்றிக்கொண்டது.

"சித்தப்பா, இது இந்தியாவுல செஞ்சதாம். நம்பர் எதுவும் சேரலை, பாதி விலைகூடப் பெறாதுன்னு கிளப்புல சொல்றாங்க. வாங்கட்டுமா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் கைக்கு எண்ணெய் வாசனை வந்துவிட்டது. நம்ம த்ரீ நாட் த்ரீ! போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக நான் இருந்த காலம் முழுக்கச் சோறு போட்டது இதுதான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் இதற்கு விடை கொடுத்தது என்றால் எவ்வளவு நாள் உழைத்திருக்கிறது பாருங்கள்.

இந்தத் துப்பாக்கிக்கு ஜாதகம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து சேரும் இடத்தில், இரும்பாலான ஒரு கழுத்து உண்டு. அதன் வலது பக்கம் கிரீடம், கீழே அரசர் பெயரின் முதலெழுத்துகள், தொழிற்சாலை, வருஷம், மாடல். இவன் அனுப்பியதில் ஜி.ஆர்.ஐ., இச்சாப்பூர், 1942 என்று இருந்தது. வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலை, ஜி.ஆர்.ஐ. என்றால் இந்தியாவுக்கும் சக்கரவர்த்தியான ஜார்ஜ் மன்னர். முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு தெரிந்தது. மரம் பிளந்துவிடாமல் இருக்க இச்சாப்பூரில் போடுவது அது. இதுவரை சுத்தம்.

போலியும் உண்டு என்பதால்தான் இதையெல்லாம் பார்க்கிறோம். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் அரத்தை வைத்தே முழுத் துப்பாக்கியைச் செய்துவிடுவார்கள். கெட்டிக்காரக் கைகள்தான், ஆனால் ஆங்கிலம் தெரியாது. எழுத்து தலைகீழாக விழும். விக்டோரியா ராணியின் முத்திரை இருக்கும், கூடவே அவர் 1901-இல் இறந்ததற்குப் பிந்தைய வருஷமும் இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

இவன் படத்தில் பேரலில் 1950-களின் வருஷமும் அசோகச் சிங்கமும் இருந்தன. போல்ட் கைப்பிடியில் பழைய நம்பர் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புது நம்பர். பின்கட்டை வேறு நிறம். சேகரிப்பவர்கள் மூக்கைச் சுளிப்பது இதற்குத்தான். பிறந்தபோது இருந்த பாகங்களோடு அப்படியே இருக்கும் துப்பாக்கிக்கு அதிக விலை கொடுக்கிறார்கள். அது அரிது, கொடுக்கட்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் மாற்றிய பாகம் எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

யார் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டாமா? பேரல் தேய்ந்தால் மாற்றுவோம். கட்டை பிளந்தால் மாற்றுவோம். போல்ட் மாற்றினால் பழைய நம்பரை அடித்துவிட்டுத் துப்பாக்கியின் நம்பரைப் பதிப்போம். அடித்த கோட்டை மறைக்க மாட்டோம். எங்கள் பஞ்ச் பெட்டியில் நாலாம் நம்பர் தேய்ந்துபோய்ச் சாய்வாகத்தான் விழும்; அந்தச் சாய்ந்த நாலு இப்போது எந்தெந்த ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கிறதோ. தொழிற்சாலைக்கே போய்ச் செப்பனிட்டு வந்தவற்றில் எஃப்.ஆர். என்று வருஷத்தோடு முத்திரை இருக்கும். ஃபேக்டரி ரிப்பேர். இவை குறை அல்ல, சர்வீஸ் புத்தகம்.

வியாபாரி நாலு உடைந்த துப்பாக்கியைப் பிரித்து ஒன்றாகக் கோத்து விற்பது வேறு. வேட்டைக்கு வசதியாக முன்கட்டையை அறுத்துப் போட்டிருப்பது இன்னும் மோசம். அங்கே விலையைக் குறைத்துக் கேளுங்கள், நியாயம்.

இதை எழுத வைத்தது பையன் அடுத்து அனுப்பிய செய்தி. "சித்தப்பா, 1942 போல்ட் ஒண்ணு தனியா விலைக்கு வருது. வாங்கி, பஞ்ச் செட்டும் வாங்கி, நம்பரை நானே அடிச்சுட்டா மேட்ச் ஆயிடும்ல? வித்தா நல்ல விலை வரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே போன் போட்டேன். அவனுக்கு அப்போது நடுராத்திரி.

அது பொய்க் கையெழுத்து என்று சொன்னேன். அதைவிட முக்கியம், ஆபத்து. த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. போல்ட் மூடியபின் அந்த விளிம்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் உயிர்நாடி. 0.064 அங்குல கேஜை வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜை வைத்தால் மூடக் கூடாது. இடம் கூடிவிட்டால் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான காற்று சுடுகிறவன் முகத்துக்கு வரும். அந்த போல்ட்டின் தலையை எந்த ஆர்மரரோ ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் பொருத்தியிருப்பார். அதை எடுத்துவிட்டு, வருஷம் சரியாக இருக்கிறது என்பதற்காக ஊர்பேர் தெரியாத போல்ட்டைப் போடுகிறேன் என்கிறான்!

விலையை எப்படிப் பேசுவது என்றும் சொன்னேன். முதலில் பேரல் உள்ளே பார், வரிப்பள்ளம் கூர்மையாக இருக்கிறதா, துருக்குழி உண்டா என்று. அடுத்து, அங்கே இருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து கேஜ் வைக்கச் சொல். அதற்கப்புறம் முத்திரைகளைப் படி. நம்பர் சேரவில்லை என்று அவர்கள் குறைத்துச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு அந்த விலைக்கே வாங்கிக்கொள். வாங்கியபின் கட்டையில் உப்புத்தாள் போடாதே, இரும்பைப் பளபளப்பாக்காதே. கொஞ்சம் ஆளி விதை எண்ணெய் போதும்.

"சரி சித்தப்பா, தூங்குங்க" என்றான், என்னவோ நான்தான் தூக்கம் கெட்டவன் மாதிரி.

போன வாரம் பதில் வந்தது. 0.074-க்கு போல்ட் மூடவில்லை. பேரல் பளிச்சென்று இருக்கிறதாம். அவர்கள் சொன்ன விலையிலும் கொஞ்சம் குறைத்து வாங்கிவிட்டான். போல்ட்டைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன், அனுப்பினான். நம்பரில் இரண்டு நாலு இருக்கிறது. இரண்டும் நேராகத்தான் நிற்கின்றன.